அரைப் பேர்

விழுமியம் என்கிற சொல்லை இந்த ஐம்பத்தேழு வயதுக்குள் நான் ஒருமுறைகூட வாய்விட்டுச் சொன்னதில்லை. கணக்கு டீச்சருக்கு அது தேவைப்பட்டதும் இல்லை. ஆனால் அந்த நவம்பரில் ஒரு வாரம் முழுக்க அதை எழுதுவதும் அடிப்பதுமாக இருந்தேன். பள்ளிக்குத் துண்டறிக்கை அச்சடிக்கப் போகிறோம், அதில் ‘நமது விழுமியங்கள்’ என்று எட்டு வர வேண்டும் என்று தலைமையாசிரியர் தினகரன் சார் கேட்டிருந்தார். தமிழ் டீச்சர் பிரசவ விடுப்பில் போய்விட்டதால் வேலை என் தலையில் விழுந்தது. ஒழுக்கம், நேரந்தவறாமை, அனைவரையும் அரவணைத்தல் என்று ஐந்துவரை தேற்றிவிட்டேன். ஆறாவதற்கு என்னிடம் சரக்கு இல்லை.

‘நமது பள்ளி வழங்குபவை’ என்று இன்னொரு தலைப்பும் இருந்தது. ஸ்மார்ட் வகுப்பறை என்று போட்டேன். கரண்ட் இருக்கிற நாளில் அது ஸ்மார்ட்தான். கணினி ஆய்வகம் என்று போட்டேன். ஐந்தில் இரண்டு ஓடுகிறது. விசாலமான விளையாட்டு மைதானம் என்று போட்டேன். மழைக்காலத்தில் காட்டுப்பன்றி அதைக் கிளறிப் போட்டுவிடும் என்பதைத் துண்டறிக்கையில் எழுத முடியாது அல்லவா.

எங்கள் பள்ளி கூடலூரிலிருந்து நாடுகாணி போகிற சாலையை விட்டு உள்ளே இறங்கினால் ஈட்டிக்கொல்லி என்ற ஊரில் இருக்கிறது. ஊர்க்காரர்களும் தோட்டத்துத் தொழிலாளிகளும் கடைவீதிக்காரர்களும் சேர்ந்து தொடங்கிய பள்ளி. அரசு உதவி பெறுகிறது, ஊர்க் கமிட்டி நடத்துகிறது, பத்தாம் வகுப்புவரை. நான்கு வருடத்துக்கு முன்னால் பத்தாவதில் பாதிப் பிள்ளைகள் தேறினால் அதுவே பெரிது. இங்கிலீஷ் பள்ளி வேன்கள் தோட்டத்து வீடுகளின் வாசல்வரை வந்து பிள்ளைகளை அள்ளிக்கொண்டு போயின. இன்னும் பத்துப் பிள்ளைகள் குறைந்தால் இரண்டு டீச்சர் போஸ்ட் காலி என்று மேலிடத்திலிருந்து கடிதம் வந்தது. அப்போதுதான் தினகரன் சார் தலைமையாசிரியராக வந்தார்.

அவர் நல்ல மனுஷர். பின்னால் வரப்போவதைப் படித்துவிட்டு வேறு மாதிரி நினைக்கக்கூடாது என்பதற்காக இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பெண்பிள்ளைகள் கழிப்பறைக்குக் கதவு போட்டவர் அவர். விடுமுறையில் தானே ஏணி வைத்து ஏறிச் சுவருக்குப் பெயின்ட் அடித்தார். தேர்ச்சி தொண்ணூற்று நான்குக்கு ஏறியது. வேனில் போன பிள்ளைகளில் ஏழெட்டுப் பேர் திரும்பி வந்தார்கள். இந்த வருடம் நூற்றுக்கு நூறு என்று கமிட்டிக்கு வாக்குக் கொடுத்திருந்தார். சுதந்திர தினத்துக்கு மறுநாளிலிருந்து, ஒன்பதரைக்கு அடித்துக்கொண்டிருந்த பெல்லை ஒன்பதுக்கு மாற்றினார். ஒன்பது பத்துக்குமேல் வருகிறவர்கள் வகுப்பில் உட்காரலாம்; ஆனால் காலை வருகை கிடையாது. பதிவேட்டில் காலைக்கு ஒரு கோடு, மதியத்துக்கு ஒரு கோடு, இரண்டும் சேர்ந்தால் பெருக்கல் குறி. பிந்தி வந்தால் பாதிப் பெருக்கல்.

அந்த வாரம் புதன்கிழமை என்னைக் கூப்பிட்டார்.

“டீச்சர், உட்காருங்க. அந்தப் புள்ளைய என்ன பண்ணலாம்ங்க?”

“எந்தப் புள்ளைங்க சார்?” தெரியாத மாதிரி கேட்டேன்.

“ஷைனா. நாமினல் ரோல் வெள்ளிக்கிழமை அனுப்பியாகணும்.”

நாமினல் ரோல் என்பது பொதுத்தேர்வு எழுதப்போகிறவர்களின் பட்டியல். அதில் பேர் இருந்தால் பரீட்சை, இல்லாவிட்டால் இல்லை. என் வகுப்பில் முப்பத்தொரு பிள்ளைகள். முப்பது பேரைப் பற்றிப் பேச்சே இல்லை. ஷைனாவுக்கு வருகை பாதிக்கும் கீழே கிடந்தது. கணக்கில் முப்பத்தெட்டு வாங்குவாள், அடுத்த தேர்வில் முப்பத்திரண்டு வாங்குவாள். தேறலாம், தேறாமலும் போகலாம்.

“ஒண்ணு போச்சுன்னா நூறு போச்சுங்க டீச்சர்,” என்றார். “இந்த வருஷம் நின்னுட்டு அடுத்த வருஷம் தனித்தேர்வரா எழுதட்டும். ஆனா நாம பேரை எடுத்தோம்னு இருக்கக்கூடாதுங்க. அவங்கம்மா கைல ஒரு லெட்டர் வாங்கிட்டா நல்லது.”

லெட்டர் தயாராக டைப் ஆகி இருந்தது. குடும்பச் சூழ்நிலை காரணமாக என் மகளை இந்த ஆண்டு பொதுத்தேர்வுக்கு அனுப்ப இயலவில்லை என்று நான்கு வரி. கீழே கையெழுத்துக்கு இடம். அதை என்னிடம் நீட்டும்போது அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை, மேஜைமேல் இருந்த பேனாக்களை வரிசைப்படுத்திக்கொண்டிருந்தார். அடுத்த வருடம் என்று அவர் சொன்னதை அவரே நம்பவில்லை. தோட்டத்துப் பிள்ளை ஒரு வருடம் வீட்டில் நின்றால் அப்புறம் கொழுந்துக் கூடைதான், இல்லாவிட்டால் திருப்பூர். அது எனக்கும் தெரியும்.

மறுத்திருக்கலாம். மறுக்கத் தெம்பு வேண்டும். முப்பது வருடமாக முழங்கால் தேயத் தேய நின்று பாடம் நடத்தியவளுக்கு அன்று அந்தத் தெம்பு இல்லை. தவிர, எனக்கு அந்தப் பெண்மேல் கோபமும் இருந்தது. ஆகஸ்டிலிருந்து தினமும் பிந்தித்தான் வருவாள். வந்தால் ஜன்னல் ஓரம் வாய் திறக்காமல் உட்காருவாள். மத்தியானம் சத்துணவுக்குப் பெல் அடித்துச் சாப்பிட்டதும் பையைத் தூக்கிக்கொண்டு போய்விடுவாள். கேட்டால் அம்மா வரச்சொன்னாங்க என்பாள். செப்டம்பரில் ஒருநாள், வகுப்பே கேட்கும்படி, “சோத்துக்குத்தான் வர்றியா நீ?” என்று கேட்டுவிட்டேன். நாலைந்து பேர் சிரித்தார்கள். அப்போது எனக்கு அது சரியான கேள்வியாகத்தான் பட்டது.

அன்று நாலேகால் மணிக்குப் பள்ளி விட்டதும் ஜமீலின் ஜீப்பைப் பிடித்தேன். கடைவீதியில் ஜீப் ஓட்டுகிறவன், என்னிடம் படித்தவன், வாடகை பேசமாட்டான். ஷைனாவின் வீடு எஸ்டேட்டின் மேல் டிவிஷனில். பள்ளியிலிருந்து ஐந்து கிலோமீட்டர். பாதித் தூரம் தேயிலை, பாதி காடு.

“டீச்சர், அஞ்சரைக்குள்ள கீழ இறங்கிடணும்ங்க. ரெண்டு ஆனையும் ஒரு குட்டியும் இந்தப் பக்கம்தான் நிக்குதுன்னு குரூப்ல போட்டிருக்காங்க,” என்றான்.

“அப்ப இந்தப் புள்ளைக எப்படிடா நடந்து வருதுக?”

“காலைல நடக்க விடமாட்டாங்க. போன வருஷம் ஒருத்தரை அடிச்சதுல இருந்து யாரும் தனியா நடக்கறதில்லீங்க. ஒம்பது மணிக்குமேல பஸ் ஒண்ணு வருமுங்க, அதுதான். திரும்பிப் போறதுக்கு மத்தியானமும் சாயங்காலமும் பஸ் உண்டுங்க.”

அந்தக் காலை பஸ் பள்ளிக்கு வரும்போது ஒன்பதரை ஆகிவிடும். பெல்லை மாற்றும்போது நாங்கள் யாரும் பஸ்ஸை யோசிக்கவில்லை. யோசிக்க வேண்டிய அவசியமும் இருக்கவில்லை, ஏனென்றால் அந்த டிவிஷனிலிருந்து எங்கள் பள்ளிக்கு வருகிறவள் ஷைனா ஒருத்திதான். மற்ற பிள்ளைகள் வேனில் போகிறார்கள்.

லயம் என்றால் ஒரே கூரையின்கீழ் பத்து வீடு. ஏழாவது வீடு அவர்களுடையது. ஷைனாவின் அம்மா பொன்னாயி அப்போதுதான் பறித்த கொழுந்தை எடைபோட்டுவிட்டு வந்து கால் கழுவிக்கொண்டிருந்தார். நாற்பது வயதிருக்கும். அவருடைய அப்பா அம்மா இலங்கைத் தோட்டத்திலிருந்து கப்பலேறி வந்தவர்கள். பொன்னாயி பிறந்தது இங்கேதான் என்றாலும் பேச்சில் அந்தத் தோட்டம் இன்னும் இருந்தது. மகளுக்கு ஷைனா என்று வைத்தது, பிரசவம் பார்த்த மலையாள நர்ஸின் பேராம். புருஷன் போய்ச் சேர்ந்து ஆறு வருடம்.

“வாங்க டீச்சர், வாங்க. இருங்க, தேத்தண்ணி போடுறேன்,” என்று ஸ்டூலைத் துடைத்துப் போட்டார். ஷைனா குழாயடியிலிருந்து குடத்தோடு வந்தவள் என்னைப் பார்த்ததும் நின்றுவிட்டாள். வீட்டுக்குள் சுவரோரம் கணக்குப் புத்தகம் திறந்தபடி கிடந்தது. நான் அன்று காலை நடத்திய பாடம்.

“பள்ளிக்கூடம் இப்ப ரொம்ப நல்லா நடக்குதாமே டீச்சர்,” என்றார் பொன்னாயி. “முந்தி மாதிரி இல்ல, கண்டிப்பா இருக்குறாங்கன்னு எல்லாரும் பேசிக்கிறாங்க. அதுதான் வேணும். கண்டிப்பு இல்லாட்டி ஒண்ணும் உருப்படாது.”

வாங்கிய தேத்தண்ணியைக் குடிக்காமல் கீழே வைத்தேன். எத்தனை சீக்கிரம் முடிகிறதோ அத்தனை நல்லது என்று லெட்டரை எடுத்தேன்.

“ஒரு கையெழுத்து வேணுங்க பொன்னாயி.”

“படிங்க டீச்சர். எனக்கு இப்ப பொடி எழுத்து தெரியிறதில்ல.”

படித்தேன். நான்கு வரிதான். பொன்னாயி கொஞ்ச நேரம் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டே இருந்தார்.

“பேரு வெட்டுறீங்களா டீச்சர்?”

“வெட்டறதில்லீங்க. இந்த வருஷம் மட்டும்...”

“தோட்டத்துல பேரு வெட்டுறதுன்னா மூணு வார்னிங் குடுக்கணும். முதல்ல வாயால சொல்லணும், அப்புறம் ரெண்டு காகிதம். அதுக்குமேலதான் வெட்டலாம். எங்களுக்கு ஒரு காகிதமும் வரலையே. புள்ள என்ன தப்பு பண்ணுச்சு?”

எஸ்டேட்காரன் மேல் நாங்கள் டீச்சர்கள் எல்லாரும் ஆயிரம் குறை சொல்லியிருக்கிறோம். அவனிடம் இருக்கிற முறைகூட எங்களிடம் இல்லை என்று அந்த அம்மா சாதாரணமாகச் சொல்லிவிட்டார். வந்த கோபத்தை ஷைனாமேல்தான் திருப்பினேன்.

“லீவு ஜாஸ்திங்க. தினமும் மத்தியானமாச்சுன்னா கெளம்பிடறா. இருன்னா இருக்கறதில்ல. நான் என்னங்க பண்ணட்டும்?”

பொன்னாயி என்னை விசித்திரமாகப் பார்த்தார். “அரைப் பேரு போட்ட பின்னால எப்படி டீச்சர் நிக்கிறது?”

எனக்கு விளங்கவில்லை. நான் கோயமுத்தூர்ப் பக்கத்துக்காரி. எங்கள் ஊரில் பேர் என்றால் ஆளைக் கூப்பிடுகிற பேர், அவ்வளவுதான். அவர் நிதானமாக, சின்னப் பிள்ளைக்குச் சொல்வதுபோல எனக்குச் சொன்னார். தோட்டத்தில் பேர் என்றால் ஒருநாள் வேலை. ஏழரைக்குப் பிரட்டு, அதாவது ஆளெடுப்பு. அதற்கு நேரத்தில் போய் நின்றால் முழுப் பேர். பிந்தி வந்தால் அரைப் பேர் போடுவார்கள். அரைப் பேர் விழுந்தவர்கள் மத்தியானம் கொழுந்தைத் தராசில் எடைபோட்டதும் மலையைவிட்டு இறங்கிவிட வேண்டும். அதற்குமேல் நிற்கக்கூடாது, நின்றால் கங்காணி விரட்டுவார், கூட நிற்கிற பெண்களும் முகம் சுளிப்பார்கள்.

“புள்ள வந்து சொல்லுச்சு, டீச்சர் எனக்கு அரை நாளுதான்னு சொல்லிட்டாங்கம்மான்னு. பள்ளிக்கூடத்துலயும் இப்ப அந்தச் சட்டம் வந்துருச்சு போலன்னு நெனச்சேன். பஸ்ஸு பிந்துறதுக்கு நம்ம என்ன செய்யிறது? அரைப் பேருன்னா அரைப் பேருதான், மத்தியானத்தோட வந்துரணும், சட்டத்த மீறி நின்னு டீச்சருக்கிட்ட பேச்சு வாங்காதன்னு நாந்தான் சொல்லி அனுப்புனேன்.”

நான் ஷைனாவைப் பார்த்தேன். குடம் இன்னும் அவள் இடுப்பில் இருந்தது.

“நீயாவது சொல்லியிருக்கலாமே சாமி,” என்றேன்.

“நீங்கதான் டீச்சர் தெனமும் சொல்லுவீங்க, உனக்கு அரை நாள்தான்னு,” என்றாள்.

சொல்லியிருந்தேன். பதிவேட்டை மூடும்போது, தலையைத் தூக்கிப் பார்க்காமலே, எத்தனையோ நாள் சொல்லியிருந்தேன். அவள் வந்து உட்கார்ந்திருந்த காலைகளுக்கு, பிந்திவிட்டாள் என்று வருகை போடவில்லை. மத்தியானங்களுக்கு, போய்விட்டாள் என்று போடவில்லை. ஆக, தினமும் மூன்று மணி நேரம் என் கண்ணெதிரே உட்கார்ந்து பாடம் எழுதிக்கொண்டிருந்த பிள்ளை பதிவேட்டில் அந்தப் பள்ளிக்கு வரவே இல்லை. கணக்கு டீச்சருக்கு இந்தக் கணக்கு மூன்று மாதமாகப் பிடிபடவில்லை.

“ரெண்டு மாசமா மத்தியானச் சோறும் அங்க தின்னுறதில்ல,” என்றார் பொன்னாயி, குறையாக அல்ல, பேச்சோடு பேச்சாக. “ஓடி வந்து இங்கதான் தின்னுது. பள்ளிக்கூடத்துச் சோறு புடிக்கலயாம்.”

ஷைனா என்னை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு குனிந்து குடத்தை இறக்கி வைத்தாள். செப்டம்பரில் நான் கேட்டதை அவள் அம்மாவிடம் சொல்லியிருக்கவில்லை. அப்போதும் சொல்லவில்லை. நான் வெட்கப்பட்டேன். சாதாரண வெட்கம் இல்லை, எழுந்து ஓடிவிடலாம் போல இருந்தது.

“தப்பு நம்ம பக்கம்னா குடுங்க டீச்சர், கையெழுத்துப் போட்டுடுறேன்,” என்றார் பொன்னாயி. “ஆனா என்ன தப்புன்னு மட்டும் சொல்லிருங்க.”

“தப்பு உங்க பக்கம் இல்லீங்க,” என்று லெட்டரை மடித்துப் பைக்குள் வைத்தேன். கீழே ஜமீல் ஹாரன் அடிக்கத் தொடங்கியிருந்தான்.

மறுநாள் காலை தினகரன் சாரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். முதலில் சிரித்தார். பிறகு சிரிப்பு தானாக அடங்கியது.

“காலைல க்ளாஸ்ல இருந்தாளுங்களா?”

“ஒருநாள் விடாம இருந்தாளுங்க சார்.”

“அப்பறம் ஏனுங்க போடாம விட்டீங்க?”

“நீங்க போடக்கூடாதுன்னு சொன்னதாலங்க.”

வெளியே ஆறாம் வகுப்பு வாய்ப்பாடு சொல்லிக்கொண்டிருந்தது.

“பிந்தி வந்தவங்களுக்குக் காலை இல்லைங்கறது நாம போட்ட சட்டம், ஊருக்கெல்லாம் சொல்லியாச்சு,” என்றார். “இப்ப திருத்தணும்னா, வருகை தவறாப் பதிஞ்சுட்டேன்னு க்ளாஸ் டீச்சர் எழுத்துல தரணும். ஒவ்வொரு திருத்தத்துக்கும் கையெழுத்து. மேல கேள்வி வரும். உங்களுக்கு நான் மெமோ குடுத்தாகணுங்க. சர்வீஸ் புக்ல ஏறும். மூணு வருஷந்தான் இருக்கு உங்களுக்கு. யோசிச்சுக்கோங்க.”

“குடுங்க சார்,” என்றேன்.

எனக்கு வீரம் வந்துவிட்டது என்று யாரும் நினைக்க வேண்டாம். அசதிதான். அத்தனை அசதியில் இன்னொரு பொய்யையும் தூக்கிக்கொண்டு மூன்று வருடம் நடக்க முடியாது என்று தோன்றியது. அன்று மத்தியானம் முழுக்க உட்கார்ந்து, ஆகஸ்டிலிருந்து அவள் வந்து உட்கார்ந்த ஒவ்வொரு காலைக்கும் சிவப்பு மையில் கோடு போட்டு, பக்கத்தில் பொடியாகக் கையெழுத்துப் போட்டேன். மத்தியானங்களைத் தொடவில்லை, அவை உண்மையிலேயே போனவை. எழுபத்தைந்து வேண்டிய இடத்தில் வருகை எழுபதுக்குப் பக்கத்தில் வந்தது. மீதியைத் தலைமையாசிரியர் பொறுத்துக்கொள்ள விதியில் இடம் இருந்தது. வெள்ளிக்கிழமை முப்பத்தொரு பேரோடு பட்டியல் போனது. மெமோ திங்கட்கிழமை வந்தது. பெற்றுக்கொண்டேன் என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.

அவர் ஒரு நிபந்தனை வைத்திருந்தார். “இனிமே மார்ச் வரைக்கும் ஒருநாள் பிந்தக்கூடாதுங்க டீச்சர். ஒன்பதுக்கு உள்ள இருக்கணும். இல்லைன்னா நான் ஹால்டிக்கெட்ல கையெழுத்துப் போடமாட்டேன். கமிட்டிக்கு நான் என்ன சொல்லுவேன்?”

“பஸ்ஸே ஒம்பதரைக்குத்தானுங்க வருது.”

“ஒருத்திக்குத் தளர்த்தினா நாளைக்கு எல்லாரும் கேப்பாங்க. ரெண்டு போஸ்ட்டை நெனச்சுப் பாருங்க.”

அந்த இரண்டு போஸ்ட்டில் ஒன்று தமிழ் டீச்சருடையது, கைக்குழந்தைக்காரி. அவர் சொல்வதிலும் நியாயம் இருந்தது. நியாயம் எல்லாப் பக்கமும் கொஞ்சம் கொஞ்சம் இருப்பதுதான் என்னைச் சலிக்க வைக்கிறது. பொன்னாயிக்குப் போன் போட்டேன். “ஒன்பதுக்கு முன்னாடி வந்துட்டா முழுப் பேருங்க. சாயங்காலம் பெல் அடிக்கிறவரைக்கும் இருக்கலாம், இருக்கணும்,” என்றேன். “சரிங்க டீச்சர்,” என்றார். எப்படி வருவாள் என்று நான் கேட்கவில்லை. ஏதோ ஏற்பாடு பண்ணிக்கொள்வார்கள் என்று விட்டுவிட்டேன். ஒருமுறை கேட்காமல் பட்டதே போதாது போலிருக்கிறது எனக்கு.

அடுத்த நாளிலிருந்து, நான் எட்டு நாற்பதுக்கு வரும்போதே ஷைனா வகுப்பில் இருந்தாள். பாவாடை ஓரம் பனியில் நனைந்திருக்கும், ஷூவில் செம்மண். சத்துணவு வரிசையில் முதல் நாள் நான் போய் அவள் தட்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன். “சாப்பிடு சாமி, அன்னிக்கு நான் கேட்டது தப்பு,” என்றேன். தலையை ஆட்டினாள், சாப்பிட்டாள். மன்னித்தாளா என்று தெரியாது. அதைக் கேட்கிற யோக்கியதை எனக்கு இல்லை. அரையாண்டில் கணக்கில் நாற்பத்தொன்பது எடுத்தாள். பிப்ரவரித் திருப்புதல் தேர்வில் ஐம்பத்தாறு. தினகரன் சார் அவளை அசெம்பிளியில் கூப்பிட்டுக் கைதட்ட வைத்தார். நேரந்தவறாமைக்கு நம் பள்ளியிலேயே எடுத்துக்காட்டு இந்தப் பெண்தான் என்றார். நானும் கைதட்டினேன்.

பிப்ரவரி கடைசியில் சிறப்பு வகுப்புக்காக நான் எட்டேகாலுக்கே பள்ளிக்கு வரத் தொடங்கினேன். இரண்டாவது நாள், கேட்டுக்குப் பக்கத்துத் திருப்பத்தில் ஒரு பெண் கையில் கம்போடு மேலே ஏறிப் போய்க்கொண்டிருந்தார். இடுப்பில் கொழுந்து பறிக்கும்போது கட்டுகிற படுதா, தலையில் சாக்கை மடித்துப் போட்ட கொங்காணி. வேகமான நடை. முதுகைப் பார்த்தே பொன்னாயி என்று தெரிந்தது. கூப்பிட்டேன், காற்றில் கேட்கவில்லை போலும்.

வகுப்பில் ஷைனா தனியாக உட்கார்ந்து பென்சில் சீவிக்கொண்டிருந்தாள்.

“அம்மாவா கொண்டுவந்து விட்டாங்க?”

“தெனமும் அம்மாதான் டீச்சர். ஆனை நிக்கும்ல, தனியா விட மாட்டாங்க. ஏழு மணிக்குக் கெளம்புவோம்.”

“அம்மாவுக்கு ஏழரைக்குப் பிரட்டு இல்லையா?”

“ஆமா டீச்சர்.”

“அப்ப?”

“அம்மாவுக்கு அரைப் பேரு,” என்றாள். பென்சில் கூர்மையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். “நீங்க போன் பண்ணினதுல இருந்து அரைப் பேருதான்.”

நான் பக்கத்துப் பெஞ்சில் உட்கார்ந்தேன். நவம்பரிலிருந்து பிப்ரவரிவரை, பள்ளி திறந்திருந்த ஒவ்வொரு நாளும், அந்த அம்மா மகளுக்கு முழுப் பேர் வாங்கிக் கொடுத்துவிட்டுத் தான் பாதியை வாங்கிக்கொண்டிருந்திருக்கிறார். நாங்கள் கைதட்டியது அதற்கு. இதை எங்கள் யாரிடமும் அவர் சொல்லவில்லை, சொல்ல வேண்டிய விஷயமாகவே அவருக்குத் தோன்றியிருக்காது.

“நாளைல இருந்து அம்மாவை வரவேண்டாம்னு சொல்லு,” என்றேன். “நீ பஸ்ஸுலயே வா. ஒம்பதரை ஆனாலும் நான் முழுசாப் போட்டுக்கறேன். சார்கிட்ட நான் பேசிக்கறேன், எனக்கு இன்னொரு மெமோ வந்தா வந்துட்டுப் போகுது.”

“வேண்டாம் டீச்சர். அம்மா ஒத்துக்க மாட்டாங்க.”

“ஏன் சாமி? இன்னும் ஒரு மாசந்தானே.”

“உங்ககிட்ட சொல்லிட்டு பஸ்ஸுலயே போகட்டுமான்னு ஏற்கெனவே கேட்டேன் டீச்சர். பிந்திப் போயி முழுப் பேரு வாங்குறது திருட்டுன்னு சொல்லிட்டாங்க. நேரத்துக்கு வந்து நிக்கிறவங்களுக்குச் செய்யிற துரோகமாம்.”

மற்ற பிள்ளைகள் ஒவ்வொருவராக வரத் தொடங்கினார்கள். வாசலில் தினகரன் சார் எல்லாருக்கும் வணக்கம் சொல்லிக்கொண்டு, கையைக் கட்டி நின்றிருந்தார். ஒன்பது மணி பெல் அடித்தது. பதிவேட்டைத் திறந்து வரிசையாகக் கூப்பிட்டேன். ஷைனா என்றதும், உள்ளேன் டீச்சர் என்று எழுந்து நின்றாள். தலையைத் தூக்கி அவளைப் பார்த்துவிட்டுக் காலைக்குக் கோடு போட்டேன். அவள் அம்மா அப்போது பாதி வழிதான் ஏறியிருப்பார்.